எண்ணிக்கைக்கு நடுவே ஆட்டிய தலை

காயில் அக்கா சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் அவளிடம் பேசக் கூடாது. இது தெருவுக்கே தெரியும். தெரிந்தும் அப்போதுதான் எல்லோரும் வந்து பேசுவார்கள். என்ன செய்ய, மனிதர்கள் அப்படி.

கருகிப்போன மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி ஏற்றுவது அவள் தொழில். மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டார், எது வந்தாலும் சரி. இடது கை விரலிடுக்கில் கம்பி ஓடும், வலது கை மெஷினின் கைப்பிடியைச் சுழற்றும், உதடு மட்டும் அசையும். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் முனகும், சூடேறும், வாங்கிப் போனவர் மறுநாளே வாசலில் வந்து நிற்பார். அதனால் எண்ணும்போது யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவாள். அந்த ஆட்டலுக்குச் சரி என்று பொருளில்லை. நீ பேசு, நான் இங்கே இல்லை என்று பொருள். அவள் புருஷன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்று சொல்லித் தப்பிக்கிற ஆள். தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் இந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நிற்பான். அவன் புதுச் செல்போன் வாங்கியதே இப்படி ஒரு தலையாட்டலில்தான்.

காயில் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் கேப்டன். கேப்டன் என்றதும் கப்பலை நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷர் வேலை பார்த்தது படகுத்துறையில், டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால். படகில் கால் வைத்தாலே அவருக்குக் குமட்டும். வீடு அவருடையது. மாடியில் அவர், கீழே தெருவைப் பார்த்த அறையில் அவள் கடை, அதற்குப் பின்னால் அவள் குடித்தனம். முன்பு அவள் ஒரு ஃபேன் கம்பெனியில் வரிசையில் உட்கார்ந்து காயில் சுற்றியவள். கம்பெனியை இழுத்து மூடியபோது, ஓரத்தில் கிடந்த பழைய மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு இடம் தேடி அலைந்தாள். போன இடத்திலெல்லாம் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் நாறும் என்றார்கள். கேப்டன் மட்டும் மூக்கால் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு, எறக்கி வைம்மா மெஷினை" என்றார்.

பெண்டாட்டி போன பிறகு அவருக்கு மாடியில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்ட கையோடு கீழே வந்து, கடையில் கிடந்த மர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வருகிற மோட்டார்களுக்கு அட்டைச் சீட்டு எழுதிக் கட்டுவது அவர் வேலை. ஒருவருக்காவது சொந்தப் பெயரை எழுத வேண்டுமே! "குடை மறந்தவர்", "சிரிச்சா பயமா இருக்கும்", "நேத்து அழுத பொண்ணு" என்றுதான் எழுதுவார். முதல் தடவை எப்படிப் பார்த்தாரோ, ஆயுசுக்கும் அதுதான் பெயர். தெருவும் அதே பெயர்களுக்குப் பழகிவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் உண்மைப் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. அதில்தான் வந்தது வினை.

கேப்டன் ஒரு நாள் உயில் எழுதினார். தெருக்கோடியில் பெட்டிக்கடை மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுக்கிற டைப்பிஸ்ட்தான் அடித்துக் கொடுத்தார். வீட்டை "ஆஸ்பத்திரி வாசல் சபைக்கு, நோயாளிகளுக்காக அவர்கள் செய்கிற தர்ம காரியத்துக்கு" என்று எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து டைப்பிஸ்ட்டும் காயில் அக்காவும். டைப்பிஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரி வாசல் சபை யாரென்று சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பெரிய கூடம் கட்டி, காலையும் மாலையும் பிரார்த்தனை நடத்துகிற சங்கம்தான், வேறு யார்? காயில் அக்காவுக்கும் சந்தேகமே இல்லை. வார்டு வார்டாகப் போய், படுக்கைப் பக்கத்தில் நின்று பிரார்த்தனை செய்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுக்கிற ஃப்ளாஸ்க் அம்மாவின் சின்னக் கூட்டம்தான், வேறு யார்? இரண்டு பேரும் அவ்வளவு நிச்சயமாக இருந்ததால் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கேப்டன் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். நல்ல சாவு, இருமல்கூட இல்லை. காயில் அக்கா ஒரு வாரம் மெஷினைத் தொடவில்லை. உயிலைப் பிரித்துப் படித்த பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரி வாசல் சபை என்ற பெயரில் உலகத்தில் எந்தச் சபையும் பதிவாகவில்லை என்று. சங்கத்தின் பதிவுப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஃப்ளாஸ்க் அம்மாவின் சபைக்கும் அப்படி ஒரு நீளப் பெயர் உண்டு. இரண்டிலும் ஆஸ்பத்திரியும் இல்லை, வாசலும் இல்லை.

வீட்டைக் கேட்டு மூன்று பேர் கிளம்பினார்கள். சங்கத்தின் செயலாளர் வந்து கடையை அளவெடுக்கிற மாதிரி பார்த்துவிட்டு, "வீடு எங்களுக்கு வந்ததும் இடிச்சுட்டு நல்லதா ஒண்ணு கட்டுவோம்மா" என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை, சட்டையில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. அவ்வளவுதான் அவரிடம் குறை. அடுத்து ஃப்ளாஸ்க் அம்மா வந்தாள். "எங்களுக்கு வந்தா நீ பாட்டுக்கு இரு கண்ணு. உன் வாடகையில டீத்தூள் வாங்கிக்குவோம்" என்றாள். மூன்றாவதாகக் கேப்டனின் அக்கா மகன், காரில் வந்து இறங்கினான். அப்படி ஒரு சபையே இல்லையென்றால் அந்தத் தானமும் செல்லாது, வீடு உறவுக்காரனான தனக்கே வரும் என்பது அவன் கட்சி. வந்தவன் அவள் சுற்று எண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நெடுநேரம் பேசினான். அவளும் வழக்கம்போல் தலையை ஆட்டினாள். அவன் முகமெல்லாம் பல்லாக எழுந்து போனான்.

"என்ன சொன்னான் அவன்?" என்று கம்பியை வெட்டிவிட்டுப் புருஷனைக் கேட்டாள்.

"மாமா எந்தச் சபை பக்கமும் போனதில்ல, நோயாளி கீயாளின்னு பேசினதும் இல்லன்னு கோர்ட்டுல சொல்லணுமாம். சொன்னா கடையும் வீடும் நம்ம காலம் முடியற வரைக்கும் நமக்கே. எழுதித் தரானாம். நீதான் சரின்னுட்டியே!"

"நான் எங்கடா சரின்னேன்? எண்ணிக்கிட்டிருந்தேன்!"

"அவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"இப்ப என்ன செய்யறது?"

"உன் இஷ்டம்" என்றான் அவன், வேன் சாவியை எடுத்துக்கொண்டு.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு வயதான வக்கீல் ஒருவரிடம் இருந்தது. அவரிடம் போய்க் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேரு தப்பா இருக்குங்கறதுக்காகத் தர்மம் தள்ளுபடி ஆகாதும்மா. யாரை மனசுல வச்சு எழுதினாருன்னு கோர்ட்டு தேடும். அவருக்கு யாரைத் தெரியும், யாரை எப்படிக் கூப்புடுவாரு, எல்லாத்தையும் கேக்கும். அப்படியும் ஆளு புடிபடலன்னா, நோக்கம் தர்மம்தான்னு தெளிவா இருந்தாப் போதும். அதுக்குக் கிட்டத்துல இருக்கற வழியில கோர்ட்டே சொத்தைத் திருப்பிவிடும். மொத்தத்துல நீதிபதி அவரோட நாற்காலியில உக்காந்து, அவரு கண்ணால பாக்கணும்."

"அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடுதுங்களே" என்றாள் காயில் அக்கா கவலையாக.

வக்கீலுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வெறும் பேச்சு வழக்கம்மா அது, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியின் மேலிருந்த பழைய பம்பு மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்துதான் பார்த்தாள். அத்தனை வருஷம் எதிரே இருந்தும் ஒரு தடவைகூட அவள் அதில் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் தெரு தெரியவில்லை. சுற்று மெஷின் தெரிந்தது. மெஷினுக்குப் பின்னால் தான் உட்காரும் முக்காலி தெரிந்தது. அதற்கும் பின்னால், திறந்திருந்த கதவு வழியாகத் தன் குடித்தனத்தின் அறை, கட்டில், ஜன்னல், எல்லாம் நேராகத் தெரிந்தன. ஒரு படிகூட ஏற வேண்டாத அறை.

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது.

ஒரு மத்தியானம் அவள் தண்ணீர் மோட்டார் ஒன்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். பெரிய காயில், முக்கால்வாசி முடிந்திருந்தது. கேப்டன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த அறையைப் பார்த்தபடி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவ அம்மா வந்து, நம்ம மாடி ஏற முடியாம அங்க வராந்தாவுலயே படுத்துக் கெடந்துச்சு. என் காலத்துக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு வர்ற சனங்கள்ல நடக்க முடிஞ்சவங்க மேல தங்கட்டும். இந்தக் கீழ்ரூமைக் காலு முடியாதவங்களுக்கு விட்டுடணும். என்னம்மா, சரிதானே?" அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு அடுத்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தால் எண் இல்லை. தொலைந்துவிட்டது. "அய்யோ கேப்டன், எண்ணிக்கை போச்சு உங்களால!" என்று கத்திவிட்டு, அத்தனை கம்பியையும் பிரித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அவரும் பயந்துபோய் அதற்கு மேல் பேசவில்லை. அந்தப் பேச்சு அதோடு போனது. அன்றைக்குக் கம்பி பாழானதுதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பேச்சு இத்தனை நாளாக எங்கே போய் ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

இதை வேறு யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னால்தான் உண்டு. சொன்னால் யார் ஜெயித்தாலும் அவள் அறை போகும், கடையும் போகும். சொல்லாவிட்டால் பொய்யும் இல்லை. எண்ணிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்று அவள் சொன்னால் இந்தத் தெருவில் சந்தேகப்பட ஒரு ஆள் கிடையாது. செத்தவருக்கும் தலையாட்டியாயிற்று, உயிரோடு இருக்கிறவனுக்கும் தலையாட்டியாயிற்று. எந்தத் தலையாட்டலுக்குக் கட்டுப்படுவது? அன்று முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு மிக்ஸியை மூன்று தடவை பிரித்துப் போட்டாள்.

கோர்ட்டில் நீதிபதி ஒரு அம்மா. அன்றைக்கு அவருக்குக் கடுமையான ஜலதோஷம். சங்கத்துக்கு ஒரு வக்கீல், சபைக்கு ஒரு வக்கீல், கேப்டனின் அக்கா மகனுக்கு உயரமாக ஒரு வக்கீல். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார்கள். டைப்பிஸ்ட் முதலில் ஏறி, சங்கம்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். "கேப்டன் அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டதும், "சொல்லணுமா என்ன, எனக்குத் தெரியாதா?" என்றார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை இறங்கச் சொன்னார்.

காயில் அக்கா ஏறினாள். கேப்டன் ஆட்களுக்குப் பெயர் வைக்கிற விதத்தைச் சொன்னாள். முதலில் எப்படிப் பார்த்தாரோ அதுதான் பெயர் என்றாள். ஆஸ்பத்திரி வாசல் சபை என்றால் ஃப்ளாஸ்க் அம்மாவின் ஆட்கள் என்றுதான் தான் நினைத்ததாகவும் சொன்னாள். "ஆனா அவங்க வார்டுக்குள்ளதானே வருவாங்க, வாசல்ல இல்லையே?" என்று நீதிபதி கேட்டார். அவள் திருதிருவென்று விழித்தாள். அதை அவள் யோசித்ததே இல்லை.

"சரி, உங்க கடையில சீட்டுல இருக்கற பேருக்கு ரெண்டு பேரு வந்து நின்னா என்ன செய்வீங்க?"

"என்ன கோளாறுன்னு கேப்பேங்க. ரெண்டுல சொந்தக்காரனுக்குத்தான் கோளாறு தெரியும்."

வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே தும்மலும் வந்தது. தும்மி முடித்துவிட்டு, கேட்டுத்தான் பார்ப்போமே என்று செயலாளரைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். கேப்டனை உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டார்.

"அவரு சம்சாரம் படுத்திருந்தப்பங்க. டீ குடுத்தா அந்தம்மா வாயில வைக்க மாட்டாங்க. மொதல்ல அவருக்குக் குடுங்கன்னு சைகை காட்டுவாங்க. அவரு குடிச்சப்புறம்தான் அவங்க. நானே டம்ளரைப் புடிச்சிருக்கேன்."

அதற்குள் ஃப்ளாஸ்க் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "டம்ளரை இவரு புடிச்சாரு, ஊத்துனது யாரு? நான்! மழைக்கு ஒதுங்கி ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன மனுஷனை உள்ள கூட்டிட்டு வந்ததே நாங்கதானே!"

நீதிபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாவா இருந்தீங்க?"

ஒன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். அப்போது கூடமும் கிடையாது, இரண்டு பெயரும் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு நின்ற ஒரே கூட்டம். கேப்டன் பார்த்தது அவர்களை. அந்தக் கூட்டம் பிரிந்து போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

"எதுக்குப் பிரிஞ்சீங்க?"

செயலாளர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். ஃப்ளாஸ்க் அம்மா தரையைப் பார்த்தாள். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "டீக்குத்தாங்க. பிரார்த்தனைக்கு முன்னாடி குடுக்கறதா, பின்னாடி குடுக்கறதான்னு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இப்போது குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. உயரமான வக்கீல் இதுதான் சமயம் என்று எழுந்தார். "அப்படின்னா உயில்ல சொன்ன சபை இன்னைக்கு உயிரோடவே இல்லை. இல்லாத ஒண்ணுக்குத் தானம் எப்படிச் செல்லும்? அவருக்கு இவங்க ரெண்டு பேர் மேலதான் பிரியமே தவிர, நோயாளிங்கன்னு தனியா ஒரு நோக்கம் இருந்ததா யாரும் சொல்லல." வயதான வக்கீல் உடனே காயில் அக்காவை மறுபடி கூண்டில் ஏற்றச் சொன்னார்.

"வீட்டை எதுக்காகக் கொடுக்கறேன்னு கேப்டன் எப்பவாவது உங்ககிட்ட சொன்னாராம்மா?"

அக்கா மகன் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். நினைவிருக்கட்டும் என்கிற மாதிரி. இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு இறங்கிப்போனால் நாளைக்குக் காலையில் அதே முக்காலி, அதே மெஷின், அதே கட்டில். வாயைத் திறந்தாள். வந்தது அந்த வார்த்தை இல்லை.

"மேல நடக்க முடிஞ்சவங்க, கீழ காலு முடியாதவங்கன்னு சொன்னாருங்க. ஆஸ்பத்திரிக்கு வர்ற சனங்களுக்கு. கீழ்ரூமுன்னா நான் குடியிருக்கற ரூமு. சரிதானேன்னு கேட்டாரு. நான் தலையாட்டினேன்."

உயரமான வக்கீல் பாய்ந்து வந்தார். குரல் மட்டும் தேனாக இருந்தது. "நீங்க அப்ப கம்பி சுத்திக்கிட்டிருந்தீங்களா?"

"ஆமாங்க."

"சுத்தும்போது யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவீங்க. தெருவுக்கே தெரியும். அப்ப அந்தத் தலையாட்டலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அவரு சொன்னது உங்க காதுல விழுந்திருக்கவே வாய்ப்பில்லை. சரிதானே?"

அவள் ஆசைப்பட்ட வாசலை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்றால் போதும், பொய்கூட ஆகாது. அவள் அக்கா மகனைப் பார்த்தாள். இவன் பேசியபோது ஒரு சுற்றும் தப்பவில்லை. அன்றைக்குச் சுற்றிய ஃபேன் இன்றைக்கும் எங்கேயோ அழகாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"இல்லீங்க. எண்ணிக்கை தப்பிடுச்சு."

"அதனால என்ன?"

"காதுல விழலன்னா எண்ணிக்கை தப்பாதுங்க. தப்பிடுச்சுன்னா கேட்டிருக்கேன். கேட்டுட்டுத்தான் தலையாட்டியிருக்கேன்."

சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வேனில் சாய்ந்து நின்ற புருஷனிடம், "நான் செஞ்சது சரியா?" என்று கேட்டாள். உன் இஷ்டம் என்று சொல்வான், அதைக் கேட்டுக் கொஞ்சம் திட்டிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றான் அவன். கல்யாணமாகி அவன் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

தீர்ப்பு வந்தது. கேப்டன் மனதில் வைத்தது அன்றைக்கு வாசலில் நின்ற கூட்டத்தைத்தான், அந்தக் கூட்டம் இன்று இரண்டாக நிற்கிறது, அதனால் தானம் செத்துப்போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டை நடத்த வேண்டும், இடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. மாடியில் நோயாளிகளின் உறவுக்காரர்கள், கீழே படியேற முடியாதவர்கள். அக்கா மகனுக்கு ஒன்றும் இல்லை. கீழ்த்தளத்தில் இருப்பவர் காலி செய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. தீர்ப்பின் அத்தனை பக்கங்களில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான், அதிலும் அவள் பெயர் இல்லை.

வாடகைக்காரர் என்று தனியாக ஒரு கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கலாம் என்று டைப்பிஸ்ட் ரகசியமாகச் சொன்னார். மனுவை அவரே அடித்துத் தருவாராம். "தலையாட்டிட்டேனேங்க" என்றாள் அவள். ஒரு நாள் மெஷினைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள். தரையில் போல்ட் போட்டிருந்த இடத்தில் நாலு ஓட்டை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு நாற்காலியையும் தூக்கப் போனான். "அது இங்கயே இருக்கட்டும், காலு முடியாதவங்க உக்காருவாங்க" என்று தடுத்துவிட்டாள். ஆடுகிற காலை மட்டும் கம்பி சுற்றி இறுக்கிவிட்டு வந்தாள்.

புது இடம் சந்துக்குள் இருந்தது. வேன் நிறுத்துகிற கொட்டகையின் ஓரம், வெளிச்சம் போதாது, பாதி வாடிக்கைக்காரர்களுக்கு வழி தெரியவில்லை. குடித்தனம் அதற்கும் பின்னால் ஒரே அறையில். சீட்டு எழுத ஆள் இல்லாததால் அவளே எழுதினாள், எல்லோருக்கும் சொந்தப் பெயர். சங்கமும் சபையும் அந்த வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து தினமும் சண்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். காலையில் பிரார்த்தனைக்கு முன்னால் டீ, மாலையில் பின்னால் என்று முடிவாயிற்றாம். வாசலில் போர்டு மாட்டினார்கள். இரண்டு நீளப் பெயரில் எதை மேலே எழுதுவது என்று தகராறு முற்றி, கடைசியில் ஆஸ்பத்திரி வாசல் சபை என்றே எழுதிவிட்டார்களாம். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கம் அவள் போகவே இல்லை. அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் வேனைச் சுற்றி ஓட்டச் சொல்வாள்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சபை வீட்டிலிருந்து கருகிப்போன ஃபேன் ஒன்று வந்தது. கீழ்ரூம் ஃபேன். அவள் தலைக்கு மேலே எத்தனையோ வருஷம் சுற்றிய அதே ஃபேன். பிரித்துப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் போயிருக்கும், கொட்டகை வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெளியூர்க்காரர், கையில் காலி டிபன் கேரியர், தூக்கமில்லாத கண். "ஃபேன் குடுத்தாங்களே, அந்த ரூமுலதான் எங்கம்மாவை வச்சிருக்கோம்…" என்று ஆரம்பித்தார்.

அவள் தலை தானாக ஆடப் போனது. கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். கைப்பிடியை விட்டாள். உதட்டில் இருந்த எண் எங்கேயோ போயிற்று, போகட்டும்.

"சொல்லுங்க. இப்பக் கேக்கறேன்."

"ஒண்ணுமில்லீங்க. காலு ரெண்டும் கட்டுப்போட்டுப் படுத்திருக்காங்க. ரூமு பூரா வார்னிஷ் வாசனை, முன்ரூமுத் தரையில ஓட்டை. இங்க யாரோ தொழில் பண்ணியிருக்காங்கடான்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஃபேன் கடைக்குப் போனா கேட்டுட்டு வான்னாங்க."

"என்ன கேக்கச் சொன்னாங்க?"

"நம்மளைப் படுக்க வைக்கறதுக்காக எழுந்து போனவங்களுக்கு வேற எடம் கெடச்சுதான்னு."

செயலாளர் கேட்கவில்லை, ஃப்ளாஸ்க் அம்மா கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை. காயில் அக்கா கொட்டகையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"கெடச்சுதுன்னு சொல்லுங்க" என்றாள். "நல்லா தூங்கச் சொல்லுங்க அம்மாவை. ஃபேன் காலையில வந்துடும்."

அவர் போன பிறகு, சுற்றியிருந்த கம்பியையெல்லாம் பிரித்தாள். விரலிடுக்கில் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று ஆரம்பித்தாள்.